கலயத்தில் மரிக்கொழுந்து

இன்னும் ஒரு தடவை பார்த்துவிடலாம், நான் நினைப்பது தவறாகக்கூட இருக்கலாம் என்று மறுபடி மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைக்கிறேன், அது அங்கேயேதான் இருக்கிறது. ஊறுகாய்க்குக் கீறி வைத்த எலுமிச்சை மாதிரி மூன்று பிளவு விழுந்த சின்ன உருண்டை, ஒன்று இல்லை, ஒரு கொத்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சாயத்தில் இளஞ்சிவப்பாக. மரிக்கொழுந்து. தாழிக்காட்டில் தோண்டிய முதுமக்கள் தாழி, தாழிக்குள் ஒரு சின்னக் கலயம், கலயத்து மண்ணில் மரிக்கொழுந்தின் மகரந்தம். சங்கரவடிவு மேடம் இதைத்தான் இன்று சாயங்காலம் அரங்கத்தில் பெரிய திரையில் காட்டப்போகிறார்கள், இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் இந்த மண்ணில் இருந்தவர்கள் கூழில் கசப்புப் பச்சிலை போட்டுக் குடித்தார்கள் என்று சொல்லப்போகிறார்கள், அதற்குப் போட்டோ எடுக்க இப்போது இந்த அறைக்கு வருவார்கள், சாப்பிட்டுவிட்டு நேரே வருகிறேன் என்றார்கள். அதற்குள் நான் சொல்ல வேண்டும். இது அவர்கள் குடித்த கூழில் இருந்ததில்லை மேடம், உங்கள் தலையில் இருந்தது. இவ்வளவுதான். காலையிலிருந்து இந்த வாக்கியத்தை வாய்க்குள் உருட்டிக்கொண்டிருக்கிறேன், முதல் பாதி வருகிறது, "உங்கள் தலையில்" என்கிற இடத்தில் நாக்கு நின்றுவிடுகிறது. மினிபஸ்ஸில் இறங்கணும் என்று சொல்லக் கூச்சப்பட்டு ரெட்டியார்பட்டி வரை போய், அங்கிருந்து வெயிலில் நடந்து திரும்பியவள் நான். நடத்துனர் அடுத்த நாள் என்னைப் பார்த்து, "இன்னிக்கு எங்கம்மா, நீங்க எறங்குற எடத்துலயா, நான் எறக்கி விடுற எடத்துலயா?" என்று கேட்டார், பஸ்ஸே சிரித்தது, அதற்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. அப்படிப்பட்டவள் போய்த் தன் ஆய்வு வழிகாட்டியிடம், துறைத்தலைவியிடம், உங்கள் பூவால் வந்த வினை என்று சொல்வதா. ஏசி உறுமுகிறது. பக்கத்து மேசையில் ஜெபசிங் அண்ணன் பானை ஓடுகளைப் பல் தேய்க்கிற பிரஷ்ஷால் கழுவிக்கொண்டிருக்கிறார், கழுவும்போது பேசாமல் இருக்க அவருக்குத் தெரியாது. "அன்னிக்கே மூலிகை சூப்பு குடிச்சிருக்கானுவ பாத்தியா. கடை போட்டிருந்தா எத்தனை கிளை இருந்திருக்கும் இப்போ." நான் சிரித்த மாதிரி ஒரு சத்தம் செய்துவிட்டுத் திருகைத் திருப்புகிறேன், கொத்து மங்கித் தெளிகிறது.

மங்கித் தெளிந்தாலும் அதே உப்பல். அதுதான் உறுத்துகிறது. மண்ணுக்குள் அத்தனை காலம் கிடந்த மகரந்தம் இப்படி இருக்காது, நசுங்கியிருக்கும், ஓரம் மடிந்திருக்கும், நனைந்து காய்ந்த பஸ் டிக்கெட் மாதிரி. இதே ஸ்லைடில் புல்லின் மகரந்தம் அப்படித்தான் கிடக்கிறது, கசங்கி, சாயத்தைக் குடித்துக் கறுத்து. இது மட்டும் நேற்று உதிர்ந்த மாதிரி. அம்மா போன வாரம் போனில், "மண்ணுக்குள்ள பூத்தூளு தேடுதியாம்லா, அதுல என்னட்டி இருக்கு?" என்றாள். செத்துப்போனவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று தெரியும்மா என்றேன். "நீ என்ன சாப்ட்டன்னு மொதல்ல சொல்லு" என்றாள். நான் சாப்பிட்டது பரோட்டா, சொல்லவில்லை. அம்மாவுக்கு விளக்க முடிந்திருந்தால் எனக்கே கொஞ்சம் தைரியம் வந்திருக்கும். எலும்பு கரைந்துபோகிற மண்ணில்கூட மகரந்தத்தின் ஓடு கரையாதும்மா, நாங்கள் அதை ஆசிட்டில் போட்டுக் காய்ச்சுகிறோம், அப்போதும் ஓடு அப்படியே நிற்கும், ஒவ்வொரு செடிக்கும் ஓட்டில் ஒரு கோலம், அந்தக் கோலத்தை வைத்து இது தினை வகைப் புல், இது தேன் எடுத்த பூ, இது ரசத்தில் போட்ட விதை என்று கண்டுபிடிக்கலாம், யாரோ ஒருத்தி உமி முழுக்கப் போகாத தானியத்தைக் கலயத்தில் கொட்டியிருப்பாள், உமியோடு ஒட்டிக்கொண்டு பூவின் தூளும் போயிருக்கும், அவளுக்கே அது தெரிந்திருக்காது, அவள் அடுப்பும் போய் ஊரும் போய் அந்தத் தூள் மட்டும் இருக்கிறது. அவளுக்கே தெரியாமல். மேடத்துக்கும் அப்படித்தான், தெரியாது. தூள் விழுகிறபோது யாருக்குத்தான் தெரிகிறது.

அன்று தாழிக்காட்டுக்குப் பக்கத்து ஊரில் அம்மன் கோயில் கொடைவிழா முடிந்த மறுநாள். மண் சலிக்க வருகிற பெண்கள் எல்லோரும் தூக்கக் கண்ணோடு வந்தார்கள், பேச்சித்தாய் மட்டும் வாழையிலைப் பொட்டலத்தோடு வந்தாள், அம்மனுக்குச் சாத்திய கதம்பம், மல்லியும் கனகாம்பரமும் இடையிடையே மரிக்கொழுந்தும். பொட்டலத்தைப் பிரித்ததும் குழி முழுக்க வாசனை, புழுதி வாசனையை அது தள்ளிக்கொண்டு வந்தது. ஒவ்வொருத்தி தலையிலும் கிள்ளிக் கிள்ளி வைத்தாள். என்னிடம் வந்து பின்னலைத் தூக்கிப் பார்த்து, "இந்த எலிவாலுக்கு எவ்ளோ பூவு வேணும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும். எனக்கு வைத்துவிட்டுத் திரும்பியபோது அடுத்து நின்றது மேடம், பேச்சித்தாயின் கை இலையை மடித்துவிட்டது. வேண்டுமென்று இல்லை. கை தானாக மடித்தது, ஊரில் எத்தனையோ வீட்டில் எத்தனையோ முறை மடித்துப் பழகிய கை. மேடத்தின் வீட்டுக்காரர் இறந்து இரண்டு வருஷம், குழியில் எல்லோருக்கும் தெரியும். மேடம் அப்போது அளவு நாடாவைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள், சுற்றுவதை நிறுத்தாமலே, "ஏன் பேச்சித்தாய், எனக்குக் கெடையாதா?" என்று கேட்டார்கள். சல்லடைச் சத்தம் நின்றது. "டீச்சர்..." என்றாள் பேச்சித்தாய். "டீச்சருக்குக் குடுக்காதன்னு அம்மன் சொன்னாளா?" "அவ எதுக்குச் சொல்லுதா." "பெறகென்ன." பேச்சித்தாய் மடித்த இலையைப் பிரித்தாள். பிறகு, "திரும்புங்க" என்றாள், ஏதோ சின்னப்பிள்ளைக்கு ஜடை போடுகிற அதட்டலோடு. மீதி இருந்த அத்தனையையும் வைத்துவிட்டாள். "கூடத்தான் வச்சிருக்கேன். ரெண்டு வருசத்துக்கும் சேத்து." மேடம் நாடாவைச் சுற்றி முடித்தார்கள், ஆனால் கழுத்தைப் புதிதாக வாங்கின மாதிரி பிடித்துக்கொண்டு நடந்தார்கள், அசைத்தால் எதுவோ சிந்திவிடும் போல. அதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்குப் பேசத்தான் வராது, பார்க்க வரும்.

பார்க்க வருவதால்தான் இப்போது இந்தப் பாடு. அன்று மத்தியானம் தாழிக்குள் கலயம் இருப்பது தெரிந்தது. மாதிரி எடுக்கும்போது தொப்பி போட வேண்டும் என்பது மேடம் வைத்த விதி, பெண்கள் எல்லோரும் பூவைக் கழற்றி டிபன் மூடியில் வைத்துவிட்டுத் தொப்பி போட்டார்கள், நானும். மேடம் தொப்பியைக் கையில் எடுத்தார்கள், தலைக்குக் கொண்டுபோனார்கள், மறுபடி கீழே வைத்துவிட்டார்கள். போட்டால் பூ நசுங்கும். அவ்வளவுதான் காரணம், எனக்கு நிச்சயமாகத் தெரியும், அந்தக் கை பாதி வழியில் நின்றதை நான் பார்த்தேன். பிறகு தாழியின் வாய்க்குள் தலையைக் கவிழ்த்து, கலயத்தின் மேல்மண்ணை அவர்களே சுரண்டிச் சுரண்டி, நான் நீட்டிய உறையில் போட்டார்கள், கதம்பம் முன்பக்கம் சரிந்து தாழி விளிம்பில் உரசிக்கொண்டிருந்தது. அழகாக இருக்கிறதே என்றுதான் நினைத்தேன். பூவைப் பூவாகத்தான் பார்த்தேன், மகரந்தமாகப் பார்க்கவில்லை, அங்கே யாருமே பார்க்கவில்லை. இரண்டு வருஷத்துக்குப் பிறகு பூ வைத்த ஒருவரைப் பார்த்து யாருக்கு ஸ்லைடு ஞாபகம் வரும். உலகநாயகி சித்தி ஞாபகம்தான் எனக்கு வந்தது. கல்யாண வீடுகளில் பூத்தட்டு வருகிறது என்றால் சித்தி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள், தட்டு தன்னைத் தாண்டிப் போவதற்கு முன்னால். தாண்டுகிறவளுக்குச் சங்கடம் கொடுக்கக் கூடாது என்று. ஒருநாள் அடுப்படியில் போய்ப் பார்த்தேன், அங்கே அவளுக்கு ஒரு வேலையும் இல்லை, கழுவி வைத்த டம்ளர்களை எடுத்து எடுத்து வேறு இடத்தில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். என்ன சித்தி என்றேன். "சும்மாதான், போ, பந்தி போட்டுட்டான்" என்றாள். மேடம் அடுப்படிக்குப் போகவில்லை. நின்று கேட்டார்கள், எனக்குக் கெடையாதா என்று. அதன்பிறகு தினமும் கொஞ்சம் பூ, துறைக்கு வரும்போதும், ஒரு முழம்கூட இருக்காது, காதோரத்தில் தெரியும் தெரியாமல். அதற்கே அலுவலகத்தில் ஒருவர், "தோண்டத் தோண்டப் புதுசு புதுசா வருது" என்று சொல்லிவிட்டுக் கோப்பைப் புரட்டினார், மேடத்துக்குக் கேட்கும்படி. கேட்டது. மறுநாளும் பூ இருந்தது. நான் இப்போது போய்ச் சொல்லப்போவது அந்தப் பேச்சோடு போய்ச் சேர்ந்துகொள்ளுமா. பூ வைத்ததால்தான் இப்படி ஆயிற்று என்று. சத்தமில்லாமல் கழற்றிவிடுவார்கள், யாரிடமும் காரணம் சொல்லமாட்டார்கள், எனக்கு மட்டும் தெரியும் அது என் வாயால் கழன்றது என்று.

காற்றில் வந்திருக்கும் என்று சொன்னால் என்ன. பக்கத்தில் எங்கோ பூந்தோட்டம், காற்றடித்தது, மகரந்தம் வந்து விழுந்தது, யாருக்கும் மனம் நோகாது. ஆனால் மேடம்தான் முதல் வகுப்பில் சொன்னார்கள், காற்றில் வருவது உதிரி உதிரியாக வரும், கொத்தாகக் கிடந்தால் பூவே அங்கே விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கொத்தைப் பார்த்துத்தான் அவர்களுக்கும் அத்தனை சந்தோஷம், பச்சிலையையே கிள்ளிப் போட்டிருக்கிறார்கள் செல்வி, என்றார்கள். ஆமாம், பூவேதான் விழுந்தது. போன மாதம் விழுந்தது. என்ன செய்ய. சொல்லாமல் விட்டால் என்ன ஆகும், ஒன்றும் ஆகாது, கைதட்டுவார்கள், பேப்பரில் வரும், நாளைக்கு எங்கோ ஒரு கூட்டத்தில் நம் முன்னோர் அப்போதே என்று யாராவது மைக்கைப் பிடித்துச் சொல்வார். தாழிக்குள் கிடந்தவர் வந்து நான் அப்படிக் குடிக்கவில்லையே என்று சொல்லப்போவதில்லை. அவருக்கும் வாய் இல்லை, எனக்கும் வாய் இல்லை. அவருக்கு இல்லாததற்காவது காரணம் இருக்கிறது. குடிக்காததைக் குடித்ததாக ஒரு செத்த ஆள்மேல் ஏற்றுவது, அது எனக்கு என்னவோ செய்கிறது, தூங்கிக்கொண்டிருப்பவர் வாயில் எதையோ ஊற்றுகிற மாதிரி. அதனால்தான் காலையில் வண்ணார்பேட்டை நிறுத்தத்தில் கதம்பம் வாங்கினேன். பூக்காரி அக்கா நான் அதைப் பைக்குள் வைப்பதைப் பார்த்துவிட்டு, "தலைல வைக்காமப் பைல வச்சா பூவு கோவிச்சுக்கிடும்மா" என்றாள். கோவித்துக்கொள்ளட்டும் என்று கொண்டுவந்து, பிரித்து, உதறி, ஆசிட்டில் காய்ச்சி, ஸ்லைடு போட்டேன். அதே உருண்டை. அதோடு நீளமான ஒன்று, அரிசி மாதிரி, அது கனகாம்பரம். கலயத்து ஸ்லைடின் ஓரத்தில் அதுவும் இருந்தது, கனகாம்பரத்தை யாரும் கூழில் போடமாட்டார்கள். கலயத்தின் அடியில் ஒட்டியிருந்த கசடிலும் ஒரு ஸ்லைடு போட்டுப் பார்த்துவிட்டேன், அதில் மரிக்கொழுந்தும் இல்லை, கனகாம்பரமும் இல்லை, கசங்கிக் கறுத்த தானியப் புல் மட்டும். மேல்மண்ணில் மட்டும் பூ. இதற்கு மேல் எனக்கு நானே சமாதானம் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. ஜெபசிங் அண்ணன் இங்கே இருக்கும்போது எப்படிச் சொல்வது, அவர் நல்லவர், ஆனால் அவர் காதில் விழுந்தால் சாயங்காலத்துக்குள் அது நகைச்சுவையாகிவிடும், எங்கள் மேடம் பூவைக் கூழாக்கிட்டாங்க என்று. படியில் செருப்புச் சத்தம். மேடத்தின் நடை, ஒரு கால் கொஞ்சம் அழுந்தும். "அண்ணே" என்கிறேன். என் குரல்தானா. "அண்ணே, டீ வாங்கிட்டு வாரீங்களா? மூணு பேருக்கும்." பிரஷ் நிற்கிறது. "நீயா கேட்டே?" என்கிறார். "நீ வாயைத் தொறந்து கேட்டதுக்கே வடையும் சேத்து வாங்கணும்." ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு போகிறார், வாசலில் மேடத்துக்கு வழிவிட்டு.

மேடம் அரக்குச் சேலையில் வந்திருக்கிறார்கள், அரங்கத்துக்கான சேலை, காதோரம் மல்லி. இன்றைக்குக் கொஞ்சம் கூடவே. "கொத்து நடுவுல வர்ற மாதிரி வச்சிருக்கியா? போட்டோ பளிச்சுன்னு இருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே ஸ்டூலை இழுத்து உட்கார்கிறார்கள். நான் பக்கத்தில் நிற்கிறேன். மல்லி வாசனை. சொல். இப்போது சொல். இறங்கணும் என்று சொல்லாமல் விட்ட நிறுத்தங்களெல்லாம் வரிசையாகப் போகின்றன. "மேடம், இது பழசு இல்ல." ஒரே மூச்சில் வந்துவிட்டது. "பழசு இல்லன்னா?" "கொடைக்கு மறுநாள் வச்ச பூவு மேடம். அதுதான் இது." மேடம் கண்ணை எடுக்கவில்லை. "யார் பூவு?" என்கிறார்கள், குரலில் ஒன்றுமில்லை, வகுப்பில் கேட்கிற மாதிரிதான். இதை நான் ஒத்திகை பார்க்கவே இல்லை, அவர்கள் திருப்பிக் கேட்பார்கள் என்று நினைக்கவில்லை, பேச்சித்தாயுடையது என்று சொல்லலாம், எங்கள் எல்லோருடையதும் என்று சொல்லலாம், அது பாதிப் பொய்யாக இருக்கும், பாதிப் பொய் போதுமா, போதாது. "உங்க பூவு மேடம். நீங்க அன்னிக்குத் தொப்பி போடல." சொன்ன பிறகு அறை அப்படியேதான் இருக்கிறது, ஏசி உறுமுகிறது, ஓடுகளிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. நான் ஸ்லைடை நகர்த்தி ஓரத்தில் அந்த நீளமானதைக் காட்டுகிறேன். "கனகாம்பரம்" என்று அவர்களே சொல்கிறார்கள். பிறகு காலையில் போட்ட ஸ்லைடு. பிறகு அடிக்கசடு. ஒவ்வொன்றையும் அவசரமில்லாமல் பார்க்கிறார்கள், நுண்திருகில் விரல் முன்னும் பின்னும் போகிறது. அந்த விரல்களையே நான் பார்க்கிறேன், அவர்கள் நிமிர்ந்தால் என்ன முகம் இருக்கும் என்று தெரியவில்லை.

நிமிர்கிறார்கள். இடது கை பின்னால் போகிறது, தலைக்கு, மல்லியைத் தொடுகிறது, போச்சு, கழற்றப்போகிறார்கள், என் கண் முன்னாலேயே, மேசையில் வைக்கப்போகிறார்கள், அதை என்ன செய்வேன், எங்கே பார்ப்பேன். கை அங்கேயே இருக்கிறது. பூவைச் செருகிய இடத்தில் ஊசி சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி விரல் ஒரு சுற்றுச் சுற்றுகிறது. "காலைலேர்ந்து இதத்தான் மனசுல வச்சிக்கிட்டு இருந்தியா?" "ஆமா மேடம்." "சாப்ட்டியா?" "இல்ல." "அதான் மூஞ்சி இப்படி இருக்கு." மறுபடி ஒரு தடவை குனிந்து அடிக்கசடைப் பார்க்கிறார்கள். "இதுல தானியப் புல்லு மட்டுந்தானே?" "ஆமா மேடம். வேற ஒண்ணுமில்ல." "வெறுங்கூழு" என்கிறார்கள், தனக்குள் சொல்லிக்கொள்கிற மாதிரி. "பாவம், வெறுங்கூழுதான் குடிச்சிருக்காங்க. நான் மருந்துல்லாம் கலக்கிக் குடுத்துட்டேன்." சிரிக்கிறார்களா என்று பார்க்கிறேன், சிரிப்பு மாதிரி ஒன்று இருக்கிறது, அதற்குக் கீழே ஏமாற்றமும் இருக்கிறது, ஒரு வருஷ உழைப்பு, அந்தத் திரை, அந்தக் கைதட்டல், அதெல்லாம் முகத்தில் மெதுவாக இறங்கி எங்கோ போய் உட்காருகிறது. லேப்டாப்பைத் திறந்து பச்சிலைப் படம் போட்ட பக்கங்களை ஒவ்வொன்றாக நீக்குகிறார்கள். "இத நீ எழுதணும் செல்வி. மேல்மண்ணுல வெளிக்கலப்புன்னு. எங்கேர்ந்து கலந்துச்சுன்னு கேப்பாங்க, என்ன எழுதுவே?" தெரியவில்லை என்று எழுதிவிடலாம் மேடம், என்று சொல்ல வாயெடுக்கிறேன். "அகழாய்வு நடத்தினவங்க தலைல வச்சிருந்த பூவுன்னு எழுது. வச்சிருந்தேன்ல. அதுல என்ன." ஜெபசிங் அண்ணன் ஃபிளாஸ்க்கும் வடைப் பொட்டலமுமாக வந்து, போட்டோ எடுத்தாச்சா மேடம் என்கிறார். "போட்டோ இல்ல ஜெபசிங், வெறுங்கூழுதான் இன்னிக்கு. செல்வி சொல்லுவா ஒங்களுக்கு, அவகிட்டயே கேளுங்க" என்று எழுகிறார்கள், டீயை நின்றபடியே இரண்டு மடக்கில் குடிக்கிறார்கள், ஒரு வடையை எடுத்து என் கையில் வைக்கிறார்கள். நான் வடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், எண்ணெய் விரலில் இறங்குகிறது. கதவைத் திறந்துவிட்டுப் பாதி வெளியில் நின்றபடி, ஏதோ வாங்க மறந்ததைச் சொல்கிற தோரணையில், "குழிக்குள்ள எறங்கும்போது மட்டும் கழட்டி டிபன் மூடில வச்சிட்டு எறங்கணும்" என்கிறார்கள். "நான் மறந்துட்டா நீ சொல்லணும், என்ன?"

"சொல்லுதேன் மேடம்" என்கிறேன். அவர்களுக்குக் கேட்டது.